சிகரெட்டை விட்டபின் தூக்கம் வரவில்லை: ராத்திரி மட்டும் ஒன்று பிடித்தால் என்ன?

கேட்டிருப்பது இது. 14 வருடமாகத் தினம் ஒரு பாக்கெட் பிடித்தவர், விட்டு இன்றோடு 11 நாள். காலையில் நிகோட்டின் பேட்ச் (தோல் வழியாக நிகோட்டினை மெல்ல உள்ளே விடும் ஒட்டு) ஒட்டிக்கொண்டு பகலை எப்படியோ ஓட்டிவிடுகிறார். ராத்திரிதான் தகராறு. 11 மணிக்குப் படுத்தால் ஒன்றரை, இரண்டு வரை கொட்டக் கொட்ட விழித்துக் கிடக்கிறார். அப்புறம் ஒரு கோழித் தூக்கம். 4 மணிக்கு மறுபடி முழிப்பு. "படுக்கும் முன் ஒன்றே ஒன்று பிடித்தால் தூங்கிவிடுவேன் என்று தோன்றுகிறது. மருந்து மாதிரி நினைத்துக்கொண்டால் தப்பா?" என்கிறார்.

முதலில் நேர் பதில். பிடித்தால் தூக்கம் வரக்கூடும். அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. ஆனால் சிகரெட் உங்களைத் தூங்க வைப்பதால் வருவதில்லை அது. நிகோட்டின் ஓர் ஊக்கப்பொருள். இதயத் துடிப்பைக் கூட்டும், மூளையை உசுப்பும். அந்த ஒன்று செய்வதெல்லாம், 11 நாளாக "எங்கே, எங்கே" என்று நச்சரித்துக்கொண்டிருக்கும் உடம்பின் வாயைக் கொஞ்ச நேரம் அடைப்பதுதான். நச்சரிப்பு நின்ற நிம்மதியில் கண் அயரும். சுமார் இரண்டு மணி நேரத்தில் அந்த நிகோட்டினில் பாதி இரத்தத்திலிருந்து போய்விடும். 4 மணி முழிப்பு அப்படியேதான் இருக்கும். நாளை ராத்திரி 10 மணிக்கே உடம்பு வந்து கடன் கேட்கும்.

நான் டாக்டர் இல்லை. 20 வருடம் பிடித்து, மூன்றாவது முயற்சியில் விட்டவன். அப்புறம் சில வருடம், விட நினைக்கிறவர்களோடு உட்கார்ந்து பேசும் வேலையில் இருந்தேன். என்னுடைய இரண்டாவது முயற்சி உடைந்தது ஒன்பதாம் நாள் விடிகாலை 3 மணிக்கு. வீடே தூங்குகிறது, நான் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். தம் அடிக்க வேண்டும் என்ற வெறி அப்போது அவ்வளவு இல்லை. "நாளைக்கு வேலைக்குப் போக வேண்டுமே, தூங்காமல் எப்படிப் போவது" என்ற ஒரே நினைப்புதான். பழைய சட்டைப் பையில் ஒன்று கிடப்பது ஞாபகம் வந்தது. தூக்கத்துக்காகத்தான் பிடிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பற்றவைத்தேன். பத்து நாளில் பழையபடி ஒரு பாக்கெட். அதனால் உங்கள் கேள்வியை நான் சும்மா தத்துவமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஏன் தூக்கம் போகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூளையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் உட்காருவதற்கான ஏற்பிகள் இருக்கின்றன. நிகோட்டின் அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். வருடக்கணக்கில் இப்படி நடந்தால் மூளை அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிடுகிறது. ஆள் வருவது நின்ற பிறகும் கூடுதலாகப் போட்ட நாற்காலிகள் காலியாகக் கிடந்து தொந்தரவு செய்கின்றன. எரிச்சல், பதற்றம், கவனம் சிதறுவது, பசி, மனச்சோர்வு, நிலைகொள்ளாமை எல்லாம் அதனால்தான். தூக்கமின்மையும் இந்தப் பட்டியலில் முறையாக இடம்பெற்ற ஓர் அறிகுறி. உங்களுக்கு மட்டும் வந்த தனி வியாதி இல்லை.

கடைசி சிகரெட்டுக்குப் பிறகு 24 மணி நேரத்துக்குள் இவை தொடங்கும். முதல் வாரத்தில், அதிலும் இரண்டாம் மூன்றாம் நாளில், உச்சத்தில் இருக்கும். பெரும்பாலோருக்கு இரண்டிலிருந்து நாலு வாரத்தில் தணிந்துவிடும். ஏற்பிகளின் எண்ணிக்கை புகைக்காதவர்களின் அளவுக்கு இறங்க 6 முதல் 12 வாரம்வரை ஆகலாம். நீங்கள் 11ஆம் நாளில் இருக்கிறீர்கள். மலையின் மறுபக்கம் இறங்கத் தொடங்கிவிட்டீர்கள், இருட்டில் அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் நன்றாகத் தூங்கினேன் என்று நினைக்கிறீர்கள். புகைப்பவர்களுக்குத் தூக்கம் பிடிக்க நேரம் அதிகம் ஆகிறது, ஆழ்ந்த தூக்கம் குறைவாக இருக்கிறது என்பது தூக்கத்தை அளந்து பார்த்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. தினமும் ராத்திரி ஏழு மணி நேரம் நிகோட்டின் இல்லாமல் கிடந்த உடம்பு அது. காலையில் எழுந்ததும் அடித்த முதல் தம் ஏன் அவ்வளவு ருசித்தது என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இனி முக்கியமான விஷயம். உங்கள் கேள்வியில் ஒரு வார்த்தை இல்லை: காபி. டீயும் இல்லை. தூக்கம் வரவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அதைத்தான். பாதிப் பேர், "அது எப்பவும் குடிப்பதுதானே, புதுசா என்ன?" என்பார்கள். புதுசுதான். விட்ட நாளிலிருந்து அதே காபி வேறு காபியாகிவிடுகிறது.

காரணம் கல்லீரலில் இருக்கிறது. காபியிலும் டீயிலும் இருக்கும் கஃபீனைச் சிதைத்து வெளியேற்றும் ஒரு நொதி அங்கே உண்டு. புகையிலை எரியும்போது வரும் தார் வகையறாக்கள் அந்த நொதியைத் தூண்டிவிட்டுக்கொண்டே இருக்கும். அதனால் புகைப்பவர் உடம்பில் கஃபீன் மளமளவென்று கரையும். புகைக்காதவர் உடம்பில் கஃபீன் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம்போல் ஆகிறது என்றால், புகைப்பவருக்கு மூன்று மணி நேரம்போல் போதும். புகை நின்றதும் சில நாளிலேயே அந்த நொதியின் வேகம் சராசரி ஆளின் வேகத்துக்கு இறங்கிவிடும். நீங்கள் குடிக்கும் அளவு மாறாமலேயே இரத்தத்தில் தங்கும் கஃபீன் இரண்டு மடங்குக்கு ஏறலாம்.

கணக்காகப் பாருங்கள். மாலை 5 மணிக்கு ஒரு காபி. முன்பெல்லாம் ராத்திரி 11 மணிக்கு அதில் கால் பங்குதான் உடம்பில் மிச்சம் இருக்கும். இப்போது கிட்டத்தட்டப் பாதி அப்படியே நிற்கும். நாள் முழுக்க நாலைந்து கப் என்றால், படுக்கும்போது ஒரு முழு கப்பைக் குடித்துவிட்டுப் படுத்த கதைதான். போதாக்குறைக்கு, விட்ட புதிதில் கையும் வாயும் சும்மா இருக்க மாட்டாமல் கூட இரண்டு கப் உள்ளே போகும். ராத்திரித் தூக்கம் கெட்டதால் பகலில் கண்ணைச் சுழற்றும், அதற்கு ஒரு கப். அந்தக் கப் அன்றைய ராத்திரியைக் கெடுக்கும். இப்படிச் சுற்றிச் சுற்றி வரும்.

இதில் கொடுமை, அதிகக் கஃபீன் செய்வதும் நிகோட்டின் விட்டதால் வருவதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பது. படபடப்பு, கை நடுக்கம், எரிச்சல், தூக்கமின்மை. ஆள் எல்லாப் பழியையும் சிகரெட் இல்லாததன் மேல் போட்டுவிடுவார். "எனக்கு இது ஒத்துவரவில்லை, உடம்பு கேட்கிறது" என்று சொல்லி மறுபடி ஆரம்பித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலரைத் தோற்கடித்தது சிகரெட் இல்லை, மாலை நேரக் காபி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

செய்ய வேண்டியது எளிது: அளவைப் பாதியாக்குங்கள், கடைசிக் கப்பை மதியத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். டீ, கோலா, எனர்ஜி பானம், கஃபீன் கலந்த தலைவலி மாத்திரை எல்லாமே கணக்கில் சேரும். ஆனால் ஆவேசமாக ஒரே நாளில் காபியை அடியோடு நிறுத்தாதீர்கள். கஃபீனை விட்டாலும் தனி அவஸ்தை இருக்கிறது. 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி ஆரம்பித்து ஒரு வாரத்துக்கு மேல்கூட நீடிக்கலாம். ஒரே சமயத்தில் இரண்டு முனையில் சண்டை எதற்கு?

பேட்ச் ஒட்டியிருக்கிறேனே, நொதி குறையாதல்லவா என்று கேட்கலாம். குறையும். நொதியைத் தூண்டுவது புகை, நிகோட்டின் இல்லை. பேட்ச் போட்டவர், சூயிங்கம் மெல்லுகிறவர், எதுவுமே இல்லாமல் விட்டவர் எல்லோருக்கும் காபிக் கணக்கு ஒன்றுதான். மெல்லும் புகையிலையை விடுகிறவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்கள் உடம்பில் புகையே போகவில்லையே.

இதே நொதி சில மருந்துகளையும் கையாள்கிறது. மனநலச் சிகிச்சைக்கான குளோசபின், ஓலான்சபின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் ஆகியவை சாப்பிடுகிறவர்கள் சிகரெட்டை விட்டதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய அளவே இப்போது அதிகமாகிவிடக்கூடும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்வது நல்லது. இதை யாரும் கேட்காமலே சொல்ல வேண்டியிருக்கிறது. மாத்திரைக்கும் சிகரெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம்.

அடுத்தது உங்கள் பேட்ச். காலையில் ஒட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், எப்போது கழற்றுகிறீர்கள் என்று எழுதவில்லை. பேட்ச் இரண்டு விதம். ஒன்று 24 மணி நேரமும் ஒட்டியிருப்பது, இன்னொன்று 16 மணி நேரத்தில் கழற்றிவிடுவது. 24 மணி நேர வகை ராத்திரி முழுக்க நிகோட்டினைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். புகைத்த காலத்தில்கூட உங்கள் உடம்பு ராத்திரியில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. தூக்கம் விட்டு விட்டு வருவது, நிஜம் போலவே வண்ணமயமான கனவுகள் வருவது அதன் அறியப்பட்ட பக்கவிளைவுகள். அதனால் மூன்று ராத்திரி சோதித்துப் பாருங்கள்: படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே கழற்றிவிடுங்கள். கழற்றியதும் உடனே எல்லாம் நின்றுவிடாது. தோலில் சேர்ந்திருப்பது இன்னும் சில மணி நேரம் உள்ளே போய்க்கொண்டிருக்கும், அதற்காகத்தான் முன்கூட்டியே கழற்றச் சொல்கிறேன். கழற்றியதில் மருந்து மிச்சம் இருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாதபடி போடுங்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. காலையில் ஏக்கம் கொஞ்சம் கடுமையாக இருக்கும். பல் விளக்கிய கையோடு புது பேட்ச், அது வேலை செய்ய ஆரம்பிக்கும்வரை 2 அல்லது 4 மி.கி. நிகோட்டின் சூயிங்கம் என்று சமாளிக்கலாம். விழித்து 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைத்து வந்தவர்களுக்கு 4 மி.கி.தான் பொருந்தும். மெல்லும்போதும் அதற்கு முந்தின கால் மணி நேரத்திலும் காபி, பழச்சாறு வேண்டாம். வாயில் புளிப்பு இருந்தால் நிகோட்டின் சரியாக உள்ளே இறங்காது.

மூன்று ராத்திரி கழற்றிப் பார்த்தும் தூக்கத்தில் மாற்றமே இல்லை, காலை மட்டும் மோசமாகிவிட்டது என்றால், பேட்ச் குற்றவாளி இல்லை. மறுபடி ராத்திரியும் ஒட்டிக்கொள்ளலாம். சிலருக்கு நேர்மாறு: அளவு போதாமல் இருப்பதால்தான் தூக்கம் கெடும். தினம் ஒரு பாக்கெட் பிடித்தவர் 7 மி.கி. பேட்சில் ஆரம்பித்தால் தாங்காது. வழக்கமாக 21இல் தொடங்கி 14, 7 என்று இறங்குவார்கள். தூக்கம் வரவில்லை என்ற கோபத்தில் பேட்சையே தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் ஆபத்து.

மாத்திரையின் உதவியோடு சிகரெட்டை விடுகிறவர்களுக்கு ஒரு வரி. புப்ரோபியானுக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் குணம் நன்றாகவே உண்டு. இரண்டாம் வேளை மாத்திரை முதல் வேளைக்குக் குறைந்தது 8 மணி நேரம் கழித்து, ஆனால் படுக்கும் நேரத்தை ஒட்டாமல் இருக்க வேண்டும். வெரெனிக்லினில் விசித்திரக் கனவுகள் சகஜம். ராத்திரி மாத்திரையைப் படுக்கும்போது போடாமல் இரவுச் சாப்பாட்டோடு போட்டால் பலருக்குத் தணியும். அளவை மாற்றுவதென்றால் டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள்.

கனவு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். புகைப்பது போலவே கனவு வரும். எனக்கு மாதக்கணக்கில் வந்தது. கனவில் பாதிச் சிகரெட்டை முடித்த பிறகுதான் "அடடா, விட்டுவிட்டோமே" என்று உறைக்கும். பதறிப்போய் எழுந்து உட்கார்ந்து விரலை முகர்ந்து பார்த்திருக்கிறேன், நாற்றம் இருக்கிறதா என்று. அந்தக் குற்ற உணர்ச்சி காலை பத்து மணிவரை போகாது. 1991இல் வெளியான ஓர் ஆய்வில், விட்டு முதல் நாலு வாரத்தில் மூன்றில் ஒருவருக்கு இப்படிப்பட்ட கனவு வந்திருக்கிறது. சுவாரசியம் என்னவென்றால், கனவு கண்டவர்கள்தான் விட்டதில் நிலைத்து நிற்கவும் செய்தார்கள். கனவில் பிடித்ததற்குப் பதறுகிறவன் மனதளவில் ஏற்கெனவே விட்டவன் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது படுக்கைக்கு வருவோம். நிகோட்டினும் காபியும் தொடங்கி வைத்த தூக்கமின்மையைப் பல சமயம் நீட்டித்து வைப்பது நாம்தான். தினமும் மூன்று மணி நேரம் படுக்கையில் புரண்டு புரண்டு படுத்தால், "இது கவலைப்படும் இடம்" என்று மூளை படுக்கையைப் பற்றிப் பாடம் படித்துக்கொள்ளும். சோபாவில் சொக்கி விழுகிற ஆள், படுக்கையில் தலையை வைத்ததும் முழித்துக்கொள்வது இதனால்தான். இந்தப் பாடத்தை அழிக்கும் பயிற்சிமுறை ஒன்று இருக்கிறது. தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்பார்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற டாக்டர்கள் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. முழுச் சிகிச்சை உங்களுக்கு இப்போது தேவைப்படாது, அதிலிருந்து இரண்டு விஷயம் எடுத்துக்கொண்டால் போதும்.

ஒன்று, 20 நிமிடம்போல் ஆகியும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்துவிடுங்கள். கடிகாரத்தைப் பார்த்து அல்ல, குத்துமதிப்பாக. கடிகாரத்தைச் சுவர் பக்கம் திருப்பி வையுங்கள். மணி பார்ப்பதும் "இன்னும் நாலு மணி நேரம்தான் இருக்கு" என்று கணக்குப் போடுவதும் தூக்கத்துக்கு எமன். வேறு இடத்தில், மங்கலான வெளிச்சத்தில், சுவாரசியமே இல்லாத ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள். கண் சொக்கும்போது திரும்பப் போய்ப் படுங்கள். மறுபடி வரவில்லையா, மறுபடி எழுந்திருங்கள். முதல் இரண்டு ராத்திரி எரிச்சலாக இருக்கும். போன் வேண்டாம். அதன் நீல வெளிச்சத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் வெளிச்சத்தைவிட அதில் இருக்கும் சுவாரசியம்தான் பெரிய தொல்லை.

எழுந்து எங்கே போகிறீர்கள் என்பது சாதாரண ஆளுக்கு முக்கியமில்லை, உங்களுக்கு முக்கியம். நீங்கள் வழக்கமாக நின்று பிடித்த பால்கனிக்கோ மாடிக்கோ வாசலுக்கோ போகாதீர்கள். அந்த இடம் உங்கள் கையைக் கேட்கும். பகலிலேயே ஒரு நாற்காலியை வேறு மூலையில் போட்டு, பக்கத்தில் தண்ணீரும் ஒரு தடிமனான புத்தகமும் வைத்துவிடுங்கள். ராத்திரி 2 மணிக்கு யோசிக்கும் திராணி இருக்காது. அதே காரணத்துக்காக, வீட்டில் ஒரு சிகரெட்கூட இருக்கக் கூடாது. பழைய பைகள், இழுப்பறை, வண்டியின் பெட்டி எல்லாவற்றையும் துழாவிவிடுங்கள். ஏக்கத்தின் ஓர் அலை சில நிமிடம்தான் நிற்கும். கைக்கு எட்டும் தூரத்தில் சிகரெட் இருந்தால் அந்தச் சில நிமிடம் போதும். சட்டை மாட்டி, செருப்புப் போட்டு, வெளியே போய்த் தேட வேண்டும் என்றால் போதாது. என் சட்டைப் பையில் அந்த ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் நான் ஒரு முயற்சி முன்னாலேயே விட்டிருப்பேன்.

இரண்டாவது, எழும் நேரத்தை இறுக்கிப் பிடியுங்கள், படுக்கும் நேரத்தைத் தளர்த்துங்கள். ராத்திரி எப்படிப் போனாலும், விடுமுறை நாளானாலும், காலை 6 என்றால் 6. இப்போது நீங்கள் தூங்குவது அதிகம் போனால் நாலு மணி நேரம், படுக்கையில் கிடப்பது ஏழு மணி நேரம். ஒரு வாரத்துக்கு 11க்குப் படுக்காமல் 12 அல்லது 12:30க்குப் படுத்துப் பாருங்கள். கேட்க முட்டாள்தனமாக இருக்கும், தூக்கம் வராதவனைத் தாமதமாகப் படு என்பது. ஆனால் படுக்கை நேரத்தைச் சுருக்கினால் சிதறிக்கிடக்கும் தூக்கம் ஒன்றாகத் திரளும். தூக்கம் திரண்டபிறகு கால் மணி நேரம் கால் மணி நேரமாக முன்னே நகர்த்தலாம். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே சுருக்கவே வேண்டாம். நெடுந்தூரம் வண்டி ஓட்டுகிறவர்கள், வலிப்பு நோயோ இருதுருவ மனநோயோ (பைபோலார்) உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. பகல் தூக்கம் தவிர்க்க முடியவில்லையென்றால் மதியம் 20 நிமிடம், அதற்கு மேல் போனால் ராத்திரியிலிருந்து கழிந்துவிடும்.

படுக்கும் முன் பிடிக்கும் கடைசிச் சிகரெட்டைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அது நிகோட்டின் மட்டும் இல்லை. அன்றைய நாளுக்கு வைக்கும் முற்றுப்புள்ளி. வேலை முடிந்தது, பேச்சு முடிந்தது, வெளியே வந்து தனியாக ஐந்து நிமிடம் நின்று, ஆழமாக இழுத்து மெதுவாக விடுவது. சிகரெட்டை எடுத்துவிட்டுப் பார்த்தால் அது ஒரு மூச்சுப் பயிற்சி! அதைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தைச் சும்மா விட்டால் நாள் முடிந்ததாகவே மனதுக்குப் படாது. அதனால் அதே நேரத்தில் அந்த ஐந்து நிமிடத்தை வைத்துக்கொள்ளுங்கள், இடத்தை மட்டும் மாற்றுங்கள். ஜன்னலோரம் நின்று, நாலு எண்ணும் வரை இழுத்து ஆறு எண்ணும் வரை விடுங்கள். முதல் நாலு நாள் நடிப்பு மாதிரி இருக்கும். பரவாயில்லை, முதல் சிகரெட்டும் அப்படித்தானே இருந்தது.

4 மணி முழிப்புக்குத் தனி வைத்தியம் இல்லை. ராத்திரியின் பின்பாதியில் எல்லோருக்குமே தூக்கம் லேசாகத்தான் இருக்கும். பேட்சைக் கழற்றியிருந்தால் உங்களுக்கு அந்த நேரத்தில் நிகோட்டினும் தரை தட்டியிருக்கும், எழுப்ப ஒரு சின்னச் சத்தம் போதும். சிலரை இருமல் எழுப்பும். மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் மறுபடி வேலையைத் தொடங்கியிருக்கின்றன என்று பொருள், சில வாரத்தில் அடங்கும். அதுவரை தலையணையைக் கொஞ்சம் உயர்த்திப் படுக்கலாம். பசி எழுப்பினால் லேசாக ஏதாவது சாப்பிட்டுப் படுங்கள். எடையைப் பற்றி அடுத்த மாதம் கவலைப்பட்டுக்கொள்ளலாம்.

பகலில் ஒரே ஒரு காரியம் சொல்வேன்: எழுந்ததும் வெளியே வெளிச்சத்தில் வேகமாக நடப்பது. காலை வெளிச்சம் உடம்பின் கடிகாரத்தைத் திருத்தி வைக்கும். பத்து நிமிட வேக நடையே ஏக்கத்தைத் தற்காலிகமாகக் குறைக்கும்.

தூங்குவதற்காகக் குடிக்க நினைத்தால், வேண்டவே வேண்டாம். மது கண்ணைச் சீக்கிரம் மூடும், பின்பாதியில் தூக்கத்தைக் கந்தலாக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், இரண்டு கிளாஸ் உள்ளே போனதும் "ஒன்றுதானே" என்ற குரல் ரொம்ப நியாயமாகக் கேட்கும். அலர்ஜி மாத்திரை போட்டுத் தூங்குவதும் நல்ல யோசனை இல்லை. நாலைந்து நாளில் அது பழகிவிடும், மறுநாள் தலை பாரமாக இருக்கும். தூக்க மாத்திரை டாக்டர் கொடுத்தால் குறுகிய காலத்துக்கு மட்டும். ஒரு பழக்கத்தை விடும்போது இன்னொன்றைப் பிடித்துக்கொள்வது எளிது.

டாக்டரைப் பார்க்க வேண்டியது எப்போது? நாலு வாரம் தாண்டியும் கொஞ்சம்கூட முன்னேற்றம் இல்லையென்றால் பாருங்கள். நீங்கள் பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சுத் திணறி முழிப்பதாகப் பக்கத்தில் படுப்பவர் சொன்னால், அதற்குக் காரணம் வேறாக இருக்கலாம், காத்திருக்காதீர்கள். முன்பு மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தவர், அல்லது இப்போது எதிலும் பிடிப்பில்லாமல் நாட்கணக்கில் போகிறது என்பவர் சீக்கிரமே பேசிவிட வேண்டும். உயிரோடு இருந்து என்ன பயன் என்கிற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிட்டு டாக்டரிடம் போங்கள். சிகரெட் விஷயம் அதுபாட்டுக்குக் கிடக்கட்டும்.

வேலைக்குத் தூங்காமல் எப்படிப் போவது என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. ஓர் இரவு தூங்காவிட்டால் மறுநாள் மந்தமாக இருக்கும், எரிந்து விழுவீர்கள், வண்டி ஓட்டாமல் இருப்பது நல்லது. அவ்வளவுதான். உடம்பு அந்தப் பாக்கியை ஆழ்ந்த தூக்கமாக அடுத்தடுத்த இரவுகளில் வசூலித்துக்கொள்ளும். தூங்கியே தீர வேண்டும் என்ற வேலையை உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொள்ளாதீர்கள். யாராலும் பிடிவாதமாகத் தூங்க முடியாது. பிடிவாதமாகப் பற்றவைக்காமல் இருக்க முடியும். இன்னும் சில வாரத்துக்கு ராத்திரியில் உங்கள் வேலை அது மட்டும்தான். நாற்காலியில் உட்கார்ந்தபடி விடிந்துவிட்டதா? பற்றவைக்கவில்லையென்றால் அது ஜெயித்த ராத்திரிதான்.

இன்று எல்லாவற்றையும் ஒன்றாக ஆரம்பிக்க வேண்டாம். இன்றைக்கு மதியத்தோடு காபியை நிறுத்துங்கள், ராத்திரி 9 மணிக்கு பேட்சைக் கழற்றுங்கள், ஒரு நாற்காலியைப் போடுங்கள். படுக்கும் நேரத்தை நகர்த்துவதெல்லாம் மூன்று நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். பலருக்கு அதற்குத் தேவையே வராது.

ஒருவேளை இதைப் படித்த பிறகும் ராத்திரி ஒன்றைப் பிடித்தேவிட்டீர்கள் என்றால், மிச்சத்தைத் தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் படுங்கள். எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. காலையில் வழக்கமான நேரத்துக்கு எழுந்து அடுத்த பேட்சை ஒட்டிக்கொள்ளுங்கள்.